பிசியோ அக்கா பதில்கள்: நடக்கிற வரைக்கும் வீட்டிலேயே இருக்கட்டுமா?

இந்த மாதக் கடிதக் கட்டில் பெரும்பாலானவை செரிபிரல் பால்சி, அதாவது மூளையில் ஏற்பட்ட சேதத்தால் உடம்பின் அசைவு பாதிக்கப்படும் குறை, உள்ள பிள்ளைகளைப் பற்றியவை. பினாங்கில் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிசியோ பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எல்லாவற்றையும் என் பெயருக்கே தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளையின் காலைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்த்தவர் உங்கள் பிசியோ. நான் பார்க்கவில்லை. சிகிச்சையில் எதை மாற்றுவதானாலும் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

என் மகனுக்கு நாலரை வயது. குறைமாதத்தில் பிறந்தவன். இரண்டு காலும் விறைப்பு, கைகள் பரவாயில்லை. ஜிஎம்எஃப்சிஎஸ் மூன்றாம் நிலை என்று பிசியோ எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பான், வெளியே தூக்கிக்கொண்டு போகிறேன். "நடக்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் கோயில், கல்யாணம் எல்லாம் கூட்டிப் போகலாம், இப்ப எதுக்கு ஊர்க்கண்ணு" என்கிறார் மாமியார். பாலர் பள்ளி ஆசிரியையும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார். எப்போது நடப்பான்? அதுவரை காத்திருக்கலாமா?
ஒரு தாய், பட்டர்வொர்த்

காத்திருக்காதீர்கள் அம்மா. கடைசிக் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். எப்போது நடப்பான் என்பதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

உங்கள் பிசியோ எழுதிய ஜிஎம்எஃப்சிஎஸ், பிள்ளை தானாக எவ்வளவு அசைகிறது என்பதை வைத்து நிலை பிரிக்கும் முறை. அதை 1997-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த குழு வகுத்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை. முதல் நிலைப் பிள்ளை ஓடும், படி ஏறும், வேகத்திலும் நிதானத்திலும்தான் குறை தெரியும். ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்தி வைக்கவே ஆதரவு வேண்டும். மூன்றாம் நிலை என்றால் கையில் ஏதாவது ஒரு சாதனம் பிடித்து சமதளத்தில் நடக்கும், தூரமானாலும் மேடுபள்ளமானாலும் உட்கார்ந்து போகும். உங்கள் மகன் ஏற்கெனவே நடக்கிறான் என்றுதான் இதற்கு அர்த்தம். வாக்கர் பிடித்து நடப்பதும் நடைதான். நீங்கள் கேட்பது எதையும் பிடிக்காமல் நடப்பானா என்று. மூன்றாம் நிலை என்று கவனமாகப் பார்த்துத்தான் எழுதியிருந்தால், கோயில் வீதியில் எதையும் பிடிக்காமல் நடக்கும் நாளை எதிர்பார்த்து எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

கசப்பாக இருக்கிறது, தெரியும். இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதே கனடாக் குழு ஒண்டாரியோவில் 657 பிள்ளைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்து 2002-இல் வெளியிட்டது. உட்காருவது, முட்டி போடுவது, நிற்பது, நடப்பது போன்ற பெரிய அசைவுகளில், மூன்றாம் நிலைப் பிள்ளைகள் தங்களால் எட்டக்கூடியதில் 90 விழுக்காட்டைச் சராசரியாக 3.7 வயதில் எட்டிவிடுகிறார்கள். முதல் நிலையில் 4.8 வயது, ஐந்தாம் நிலையில் 2.7 வயது. இதைக் கேட்டதும் முகம் செத்துப்போன பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். "அப்ப முடிஞ்சுதா மிஸ்?" என்பார்கள்.

முடியவில்லை. அந்த ஆய்வு எதை அளந்தது என்று பாருங்கள். சிகிச்சை அறையில், மெத்தை விரித்த தரையில், பிள்ளையால் என்ன செய்ய முடிகிறது என்பதை. அந்தத் திறமையை எங்கே, யாரோடு, எதற்காகப் பயன்படுத்துகிறான் என்பதை அல்ல. நாலரை வயதில் முதல் கணக்கு மெதுவாகிறது. இரண்டாவது கணக்கு இப்போதுதான் ஆரம்பிக்கிறது. நடை வரட்டும் என்று நீங்கள் வாசலைச் சாத்தி வைத்தால் அந்த இரண்டாவது கணக்கு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

மெல்பர்ன் மருத்துவர்கள் 2004-இல் எளிமையான ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். மூன்றே தூரம்: 5 மீட்டர், 50 மீட்டர், 500 மீட்டர். 5 என்பது வீடு, 50 பள்ளி, 500 கடைத்தெரு. ஒவ்வொன்றிலும் பிள்ளை எப்படிப் போகிறான் என்று எழுத வேண்டும்: சக்கர நாற்காலியா, வாக்கரா, ஊன்றுகோலா, வெறும் காலா. மூன்றுக்கும் ஒரே பதில் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் மகனுக்கு 5-இல் வாக்கர். மற்ற இரண்டிலும் அம்மா இடுப்பு. தூக்கிக்கொண்டு போவதற்கு அந்த அளவுகோலில் எண்ணே கிடையாது! இடுப்பில் இருக்கும் பிள்ளையிடம் யாரும் பேச மாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா? "தம்பி சாப்பிட்டானா?" என்று உங்களிடம்தான் கேட்பார்கள். 50-க்கு வாக்கர், 500-க்கு ஒரு நல்ல தள்ளுவண்டியோ சிறிய சக்கர நாற்காலியோ என்பதை அடுத்த சந்திப்பில் பிசியோவிடம் பேசுங்கள்.

பாலர் பள்ளிக்கு ஒரு மாலை, பிள்ளைகள் போன பிறகு, மகனையும் வாக்கரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வகுப்புக் கதவில் வாக்கர் நுழைகிறதா? கழிப்பறை வாசலில் படி எவ்வளவு உயரம்? சுவரில் பிடிக்க ஒரு கம்பி போடலாமா? தரையில் வட்டமாக உட்காரும் நேரத்தில் இவன் காலைப் பின்னால் மடக்கிச் சரிந்து உட்காருவான், அதற்குப் பதில் பாதம் தரையில் படும் உயரத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போதும். ஆசிரியையின் தயக்கம் பெரும்பாலும் மனமில்லாமல் அல்ல, விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். எப்படி விழுவான், எப்படித் தானே எழுந்திருப்பான் என்று அவர் கண்முன்னால் காட்டிவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேறு பாலர் பள்ளி பாருங்கள். ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்குப் போகும்போது, மாற்றுத்திறன் காரணமாக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கல்வி அமைச்சின் 'ஸீரோ ரிஜெக்ட்' கொள்கை 2019-லிருந்து இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். தைப்பூசத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். தண்ணீர்மலையின் 513 படியும் வேண்டாம். இரதம் வரும் வழியில் ஜாலான் உத்தாமாவில் வரிசையாகத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்களே, அதில் தெரிந்தவர்கள் பந்தல் ஒன்று இருக்கும். மேசைக்குப் பின்னால் அவனை நிற்க வையுங்கள், வாக்கர் முதுகுப் பக்கம், இடுப்பு மேசை விளிம்பில் லேசாகச் சாய்ந்தபடி. இடது பக்கம் நிரப்பி வைத்த கோப்பையை எடுத்து வலது பக்கம் வருகிறவர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. ஒவ்வொரு கோப்பைக்கும் உடம்பின் எடை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறும். சிகிச்சை அறையில் இதே அசைவுக்காக நாங்கள் பொம்மையைக் காட்டிக் கெஞ்சுவோம், பத்து தடவைக்கு மேல் செய்ய மாட்டான். இங்கே சனம் வந்துகொண்டே இருக்கும், அவனும் கொடுத்துக்கொண்டே இருப்பான். கால் நடுங்க ஆரம்பித்தால் நாற்காலி. தேங்காய் உடைக்கும் இடத்துக்கு மட்டும் வாக்கரோடு போகாதீர்கள், ஓட்டுச் சில்லு சக்கரத்தில் மாட்டும்.

இடுப்பு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கட்டாயம் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 323 பிள்ளைகளைப் பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் நிலைப் பிள்ளைகளில் 41 விழுக்காட்டினருக்கு இடுப்பு மூட்டு நகர்ந்திருந்தது. முதல் நிலையில் ஒருவருக்கும் இல்லை, ஐந்தாம் நிலையில் 90 விழுக்காடு. ஆரம்பத்தில் வலியே இருக்காது, படத்தில்தான் தெரியும்.

பேத்திக்கு இந்தக் குறை வந்தது கிரகணத்தன்று என் மருமகள் வெளியே போனதால்தானா? பிறந்ததும் மஞ்சள் காமாலை வேறு அதிகமாக இருந்தது. வெயிலில் காட்டினோம்.
ஒரு பாட்டி, நிபோங் திபால்

கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை பாட்டி. மருமகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அந்தப் பெண் எத்தனை நாளாக இதைச் சுமக்கிறாளோ.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூளையில் அந்தச் சேதம் பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மஞ்சள் காமாலை ஒரு காரணமாக இருக்கலாம். மிகவும் ஏறிவிட்டால் மூளையின் அடிப்பகுதியில் அசைவைக் கட்டுப்படுத்தும் இடத்தைத் தாக்கும், அந்தப் பிள்ளைகளுக்குக் கை கால் தானாக நெளியும். உங்கள் பேத்திக்கு அதுதானா என்று டாக்டர்தான் சொல்ல முடியும். வெயில் அதற்கு மருந்தல்ல. வீட்டில் இன்னொரு குழந்தை பிறந்தால் தாதி வந்து காமாலை அளவு பார்க்கும் நாட்களைத் தவறவிடாதீர்கள். நம் நாட்டில் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இருந்தால் துணி பீரோவில் பாச்சா உருண்டை கூடாது, காமாலையை ஏற்றிவிடும்.

மகளுக்கு ஆறு வயது, வலது கையும் வலது காலும் பாதிப்பு. நடக்கிறாள், கொஞ்சம் நுனிக்காலில். நான் பாயான் லெப்பாசில் ஷிஃப்ட் வேலை. வந்ததும் ராத்திரி ஒரு மணி நேரம் கையையும் காலையும் இழுத்து நீட்டி விடுகிறேன். அழுகிறாள், நானும் சோர்ந்துவிடுகிறேன். ஓர் இடத்தில் ஆக்சிஜன் அறையில் உட்கார வைத்தால் மூளைச் செல்கள் உயிர்பெறும் என்கிறார்கள். இன்னோர் இடத்தில் ஸ்டெம் செல் ஊசி. கடன் வாங்கலாமா?
ஒரு தந்தை, பாயான் லெப்பாஸ்

வாங்க வேண்டாம் ஐயா.

ஆக்சிஜன் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. கனடாவின் கியூபெக்கில் 111 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அழுத்தமான ஆக்சிஜன், இன்னொரு குழுவுக்கு லேசாக அழுத்திய சாதாரணக் காற்று கொடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் முடிவு வந்தது: இரண்டு குழுவும் ஒரே அளவுதான் முன்னேறியது. அதற்குப் பிறகும் இதை விற்கிறவர்களிடம் நான் என்ன சொல்ல? ஸ்டெம் செல் இன்னும் ஆய்வில் இருக்கிறது. ஆய்வில் சேர்க்கிறவர்கள் உங்களிடம் கட்டணப் பட்டியல் நீட்ட மாட்டார்கள்.

இழுத்து நீட்டுவது பற்றி. மற்றவர் கையால் இழுத்துவிடும் பயிற்சி மட்டும் தசையை நிரந்தரமாக நீளமாக்குவதற்கு ஆதாரம் மிகக் குறைவு. நுனிக்கால் நடைக்குக் காலில் போடும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட், வாரக்கணக்கில் மாவுக்கட்டு, தேவைப்பட்டால் போட்டாக்ஸ் ஊசி என்று வழி இருக்கிறது. போட்டாக்ஸ் மூன்று நான்கு மாதம்தான் தாங்கும், அந்த மாதங்களில் பயிற்சி செய்தால்தான் போட்டதற்குப் பலன். இதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அந்த ஒரு மணி நேர அழுகையை நிறுத்துங்கள். மகளுக்கு அப்பா வீட்டுக்கு வரும் நேரம் அது, வலிக்கும் நேரமாக ஆக வேண்டாம்.

அதற்குப் பதிலாக அந்த வலது கைக்கு வேலை கொடுங்கள். சும்மா பந்தைப் பிடி, விடு என்று அல்ல. இரண்டு கை இல்லாமல் முடியாத வேலை, முடித்தால் அவளுக்கே ஏதாவது கிடைக்கிற வேலை. காலையில் வாங்கி வரும் நாசி லெமாக் பொட்டலத்தை யார் பிரிக்கிறார்கள் உங்கள் வீட்டில்? அவளிடம் கொடுங்கள். மேசையில் வைத்து வலது கையை மேலே வைத்து அழுத்த வேண்டும், இடது கை ரப்பர் வளையத்தைக் கழற்றும். பிறகு காகிதம், பிறகு வாழையிலை. வலது கை முதலில் முஷ்டியாகத்தான் கிடக்கும், பொட்டலம் வழுக்கி ஓடும். நீங்கள் பாய்ந்து பிடிக்காதீர்கள். ஓடட்டும். அடுத்த தடவை மணிக்கட்டை வைப்பாள், அதற்கடுத்து உள்ளங்கையை விரிப்பாள். வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றை அடியில் போட்டால் வேலை பாதி குறையும். அது ஏமாற்று வேலை அல்ல. கனடாவில் 128 சிறு பிள்ளைகளை வைத்துச் செய்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், பிள்ளையின் உடம்பை மாற்றப் பாடுபட்ட சிகிச்சையும், பிள்ளையை அப்படியே விட்டு வேலையையும் இடத்தையும் பொருளையும் மாற்றிய சிகிச்சையும் ஒரே அளவு பலன் தந்தன. ரப்பர் விரிப்புக்கு இவ்வளவு மதிப்பு உண்டு.

என்ன வேலை என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். தீபாவளி நெருங்கினால் முறுக்கு அச்சு, சைக்கிள் ஹேண்டில், பள்ளிப் பையின் ஜிப், பொம்மைக்குப் பாவாடை. தான் கேட்ட வேலைக்காகப் பிள்ளை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யும். இந்த வகைப் பாதிப்பில் கைக்கு வேண்டியது அந்தத் திரும்பத் திரும்பதான், அதுவும் மணிக்கணக்கில்.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கை கால் தானாக அசையும், பேச்சு தெளிவில்லை, படிப்பில் கெட்டி. ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டுப் போட்டியில் கூடாரத்தில் உட்கார வைத்து ஒரு மைலோ கொடுப்போம். இந்த ஆண்டு அவளுக்கும் ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறேன். பாதுகாப்பு முக்கியம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள்.
ஓர் ஆசிரியை, பிறை

டீச்சர், இந்தக் கடிதம் எழுதியதற்கே உங்களுக்கு ஒரு கோப்பை மைலோ.

வருவது வேறு, கலந்துகொள்வது வேறு. கிறிஸ்டின் இம்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் அவர் குழுவினரும் பங்கேற்பு என்பதை இப்படித்தான் இரண்டாகப் பிரிக்கிறார்கள். உங்கள் மாணவி ஒவ்வோர் ஆண்டும் வந்திருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. திடலில் நடக்கிற எதுவும் அவளால் மாறவில்லை, அதுதான் குறை.

முதலில் அவளிடம் கேளுங்கள். அம்மாவிடம் அல்ல. இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நெளியும் உடம்பு அமைதியாகிப் பதில் வெளிவர நேரம் ஆகும். அவசரப்பட்டால் வாய் இன்னும் கோணும், நீங்களே பதிலை முடித்துவிடுவீர்கள், அவள் சரி என்று விட்டுவிடுவாள்.

என் யோசனை போச்சியா. செரிபிரல் பால்சி உள்ளவர்களை மனதில் வைத்து உருவான பந்து விளையாட்டு, 1984-லிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு வெள்ளைப் பந்து இலக்கு. சிவப்பு ஆறு, நீலம் ஆறு. யார் பந்து வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. எறியலாம், உருட்டலாம், காலால் தள்ளலாம், கையே முடியாதவர்கள் சாய்வான ஒரு தடத்தில் வைத்து உருட்டிவிடலாம். முறையான பந்து 275 கிராம். பள்ளிக்கு அது வேண்டாம். பழைய காலுறையில் பச்சைப்பயறு நிரப்பிக் கட்டித் தைத்தால் விழுந்த இடத்திலேயே நிற்கும். தடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்தால் போதும். குழாய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு உயரம் என்று அவள் சொல்ல வேண்டும். பிடித்துக்கொள்ளும் பிள்ளை திடலைப் பார்க்கக் கூடாது, அவளை மட்டும் பார்க்க வேண்டும். சர்வதேசப் போட்டியிலும் அப்படித்தான்.

அவளோடு மோதுவதற்குப் பள்ளியின் ஒவ்வொரு விளையாட்டு இல்ல அணியிலிருந்தும் ஓடி ஆடும் பிள்ளைகளை இறக்குங்கள், எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து விளையாடட்டும். புள்ளியை இல்லக் கணக்கில் சேருங்கள். இது ரொம்ப முக்கியம். சிவப்பு இல்லம் அவளால் ஜெயிக்கவும் வேண்டும், அவளால் தோற்கவும் வேண்டும். எல்லோரும் கைதட்டி, யாரும் தோற்காமல், தனியாக ஒரு பதக்கம் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்து அனுப்பினால் கூடாரத்திலிருந்து அவள் ஓரடிகூட நகரவில்லை.

பாதுகாப்பு பற்றிச் சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான், ஆனால் பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. ஓட்டம் தொடங்கத் துப்பாக்கி வெடிப்பீர்களா? இந்தப் பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு முழுவதும் தூக்கிப்போடும், கை விரிந்து பின்னால் சாயும், நாற்காலியின் பெல்ட் கட்டவில்லை என்றால் வழுக்கிவிடும். ஒவ்வொரு தடவையும் வெடிக்கும் முன் அவள் பார்வையில் படும்படி ஒருவர் கையை உயர்த்திக் காட்டட்டும், அல்லது விசிலுக்கு மாறுங்கள். கால் இரண்டையும் நாற்காலிப் பலகையில் கட்டி வைத்தால் கை நிதானமாகும். பதினொரு மணி வெயிலுக்கு முன்னால் அவள் போட்டியை வையுங்கள்.

2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இவர்களுக்குச் சமவாய்ப்பு உண்டு என்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை, அதனால்தான் நம் ஊரில் பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. தலைமையாசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது மகனுக்கு ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை எடுக்கச் சொல்கிறார்கள். மூத்த மகளுக்கு வரன் பார்க்கிறோம், அட்டை எடுத்தால் வெளியே தெரிந்துவிடுமே?
பெயர் வேண்டாம், ஆயர் ஈத்தாம்

அட்டை பர்சில் இருக்கும். மகன் வீட்டில் இருக்கிறான். எது முதலில் தெரியும்?

செரிபிரல் பால்சி பரம்பரையாக வருவது அரிது, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் இதைச் சொல்லுங்கள். கேட்டபின்பும் பின்வாங்குகிற குடும்பம் என்றால் இப்போதே தெரிந்தது நல்லதுதான். அட்டை இருந்தால் அரசு மருத்துவமனைக் கட்டணத்தில் விலக்கு, பள்ளியில் படிக்கும்போது மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை. டாக்டர் கையெழுத்திட்ட விண்ணப்பப் பாரத்தோடு சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். எடுங்கள்.

எனக்கு 16 வயது, நான்காம் படிவம். சின்ன வயசிலிருந்து வாக்கர். இரண்டு வருஷமாக நடப்பது கஷ்டமாகிவிட்டது, முழங்கால் மடங்கிக்கொண்டே போகிறது, பள்ளி முடிந்தால் படுத்துவிடுவேன். நண்பர்கள் சாயங்காலம் மாமாக் கடைக்குக் கூப்பிடுவார்கள், போவதில்லை. சக்கர நாற்காலி வாங்கலாம் என்றால், "இத்தனை வருஷம் பாடுபட்டு நடக்க வச்சது இதுக்கா" என்று அம்மா அழுகிறார். என் நோய் முற்றுகிறதா?
ஒரு மாணவன், ஜார்ஜ்டவுன்

தம்பி, மூளையில் நடந்தது முற்றாது, அது அப்படியேதான் இருக்கும். மாறியது உன் உடம்பு. எலும்பு விறுவிறுவென்று நீண்டது, இறுக்கமான தசை அந்த வேகத்தில் நீளவில்லை. எடையும் கூடியிருக்கும். ஒண்டாரியோ பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை அளந்து 2009-இல் வந்த முடிவும் இதுதான்: மூன்று, நான்கு, ஐந்தாம் நிலைகளில் ஏழு, எட்டு வயதில் உச்சத்தைத் தொட்ட அசைவுத் திறன், பதின்ம வயதில் சற்று இறங்குகிறது. உனக்கு மட்டும் நடப்பதல்ல, நீ சோம்பேறியும் அல்ல. முழங்கால் மடங்கிய நடையை எலும்பு மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதே, முதுகையும் இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

நாற்காலி பற்றி அம்மாவுக்கு நான் எழுதுகிறேன், இந்தப் பக்கத்தை அப்படியே காட்டு.

அம்மா, நீங்கள் பட்ட பாடு வீண்போகவில்லை. உங்கள் மகன் கழிப்பறைக்குத் தானே போகிறான், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுகிறான், வகுப்பில் எழுந்து நிற்கிறான். அதெல்லாம் அந்தக் கால்கள்தான். ஆனால் அவன் ஒரு தெரு நடக்கச் செலவழிக்கும் சக்தி, நாம் செலவழிப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு வரை இருக்கும். அவனிடம் ஒரு நாளைக்கு இருப்பது எண்ணி வைத்த சில்லறை, அதை முழுக்க பள்ளி வழித்தடத்திலேயே தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கிறான். நாற்காலியில் 500 மீட்டர் போனால் அந்தச் சக்தி பேசவும் சிரிக்கவும் மிஞ்சும். நடையைக் காப்பாற்ற வாரம் இரண்டு மூன்று முறை பலப் பயிற்சி செய்யட்டும், நீந்தட்டும், வீட்டிலும் வகுப்பிலும் வாக்கரோடு நடக்கட்டும். 16 வயதில் நண்பர்களை இழந்தால் அதை எந்தப் பயிற்சியும் மீட்டுத் தராது.

திரும்ப உனக்கு, தம்பி. அளவெடுத்த நாற்காலி வாங்கு, மருத்துவமனையில் தாழ்வாரத்தில் நிற்குமே அந்த இரும்பு வண்டி வேண்டாம். இடுப்பு அகலம், தொடை நீளம், முதுகு உயரம் மூன்றும் உன் அளவில் இருக்க வேண்டும், எடை குறைவாக இருந்தால் காரில் ஏற்றவும் சுலபம். ஜார்ஜ்டவுன் கக்கி லீமா, அதான் கடை வாசல்களை ஒட்டிய நடைபாதை, பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கடை வாசல் உயரம், அடுத்தது பள்ளம், நடுவில் மோட்டார் சைக்கிள், பூச்சட்டி, சாமி மேடை. வாக்கருக்கும் ஆகாது, நாற்காலிக்கும் ஆகாது. அதனால் மாமாக் கடையை நீ தேர்ந்தெடு. ரோட்டோரமாக, சமமான சிமெண்ட் தரையில் மேசை போட்ட கடை எது என்று நண்பர்களில் ஒருவனைப் பார்த்துவரச் சொல். பின்சக்கரத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிப் படி ஏற்றுவது எப்படி என்று அவர்களில் இருவருக்காவது பிசியோ கற்றுக்கொடுக்கட்டும், அரைமணி நேர வேலை. மேசை கால் உன் முழங்காலில் இடிக்காத பக்கமாக உட்கார். தே தாரிக் கோப்பைக்குக் கைப்பிடி இருக்கிறதா பார், கண்ணாடி டம்ளரானால் உறிஞ்சுகுழாய் கேட்டு வாங்கு, வெட்கப்படாதே. அவர்கள் ரொட்டி சானாய்க்கு உன்னிடம் காசு கேட்டால் நீ அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாய்.

காலில் ஸ்பிளிண்ட் போட்டால் பள்ளிக் காலணி நுழைவதில்லை. என்ன வாங்குவது?
ஒரு தாய், சுங்கை டுவா

ஸ்பிளிண்ட்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், பிள்ளை வராவிட்டாலும் பரவாயில்லை. ஓர் அளவு அல்லது ஒன்றரை அளவு பெரிதாக, நுனி வரை அகலமாகத் திறக்கும், ஒட்டுப்பட்டை வைத்த கறுப்புக் காலணி. உள்ளே இருக்கும் மெத்தையை உருவி எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். ஒரு காலில் மட்டும் ஸ்பிளிண்ட் என்றால் மற்றக் காலணியில் அந்த மெத்தை இருக்கட்டும், தொளதொளவென்றால் அதன்மேல் இன்னொன்று போடுங்கள். ஸ்பிளிண்ட்டுக்குள் தையல் இல்லாத நீளக் காலுறை, முழங்கால் வரை, சுருக்கமில்லாமல். கழற்றியபின் சிவப்புத் தழும்பு இருபது நிமிடத்துக்கு மேல் மறையாமல் நின்றால் காலணியில் குறை இல்லை, ஸ்பிளிண்ட் சிறிதாகிவிட்டது. அதைச் செய்து கொடுத்தவரிடம் திருப்பிக் கொண்டுபோங்கள்.